கை காட்டினால் நிற்காத பஸ்

அந்த நகரத்துக்காரர்கள் "பக்கம்தான்" என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். அதை நம்பி வீட்டை விட்டுக் கிளம்பி மோசம்போனவர்களில் டெய்லர் அக்காவும் ஒருத்தி. மிருகக்காட்சி சாலை பக்கம்தான். மணிக்கூண்டு பக்கம்தான். கடலா, அது ரொம்பப் பக்கம். எல்லாம் கார் வைத்திருப்பவர்களின் பக்கம். கார் இல்லாதவர்கள் அந்தப் பக்கத்துக்குப் போக ஒரு பஸ்ஸில் ஏறி இறங்கி, ஒரு பாலத்துக்கு அடியில் நுழைந்து வெளியே வந்து, இன்னொரு பஸ்ஸுக்குத் தவம் கிடந்து, முடிவே இல்லாத ஒரு சுற்றுச்சுவரை ஒட்டி நடந்து போய்ச் சேர்ந்தால், வாசலில் "இன்று விடுமுறை" என்று பலகை தொங்கும். ஊர் பார்க்க வந்தவள் இதுவரை பார்த்ததெல்லாம் அந்தப் பலகையைத்தான்.

டெய்லர் அக்கா என்பது அவளுடைய ஊரில் தெருக்காரர்கள் கூப்பிடும் பெயர். வீட்டு முன்னறையில் ஜன்னலோரமாக ஒரு தையல் மிஷினைப் போட்டுக்கொண்டு பள்ளிச் சீருடையும் தலையணை உறையும் திரைச்சீலையும் தைத்தே பாதி ஆயுளை ஓட்டிவிட்டாள். ஜன்னல் என்று பெயர்தான். திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். கையை நீட்டினால் சுண்ணாம்பு ஒட்டும். கண் வலிக்கிறது என்று டாக்டரிடம் போனபோது அவர், "ஊசியையே பார்த்துக்கிட்டு இருக்காதீங்கம்மா. அப்பப்ப தலையைத் தூக்கி தூரத்துல இருக்கிறதைப் பாருங்க" என்றார். "தூரத்துக்கு நான் எங்க போறது டாக்டர்? தலையைத் தூக்கினா சுவருதான் இருக்கு" என்றாள். அவர் சிரித்துவிட்டுக் கண்ணாடிக்கு எழுதிக் கொடுத்தார்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. எதிரே சுவரே இல்லாத ஓர் இடத்தை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்று அன்றைக்கு மனதில் விழுந்தது, போகவே இல்லை. அவளுக்குத் தெரிந்து அப்படி ஓர் இடம் கடல்தான். அவர்கள் ஊருக்கும் கடலுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. காலண்டர் படத்தில் பார்த்ததோடு சரி. கணவனிடம் கேட்டபோதெல்லாம் ஒரே பதில்தான் வந்தது. "ரிடையர் ஆகட்டும், போவோம்."

கணவன் பஸ் டிரைவர். டிப்போவில் அவருக்கு வைத்த பெயர் நிதானம். தங்கள் சின்ன ஊரிலிருந்து அடுத்த சின்ன ஊருக்கு ஒரே சாலையில் போய், அதே சாலையில் திரும்பி வருகிற பஸ்ஸை அவர் சர்வீஸ் முழுக்க ஓட்டினார். ஓர் ஆட்டுக்குட்டியைக்கூட உரசியதில்லை. முந்திப் போனதும் இல்லை, பிந்தி வந்ததும் இல்லை. அவர் பஸ்ஸில் தூங்கிக்கொண்டே போகலாம் என்று ஊரே சொல்லும். கட்டிக்கொண்டவளுக்கு மட்டும் அந்த பஸ்ஸில் வேலை இருக்கவில்லை. லீவு நாளில் எங்காவது போகலாம் என்றால், "தினம் பார்க்கிற ரோடுதானே" என்று திரும்பிப் படுத்துக்கொள்வார்.

ஒருவழியாக ரிடையர் ஆனார். மாலை போட்டு அனுப்பினார்கள். கூடவே, புருஷனும் பெண்டாட்டியும் போக்குவரத்துக் கழகத்தின் எந்த பஸ்ஸிலும் எங்கு வேண்டுமானாலும் போகலாம் என்று ஒரு பாஸும் கொடுத்தார்கள். அதை வைத்துக்கொண்டுதான், சில வருஷம் இழுத்தடித்த பிறகு, இந்தப் பெரிய நகரத்துக்கு, தங்கை வீட்டுக்கு, ஊர் சுற்றிப் பார்க்க வந்தார்கள். தங்கை வீடு நகரத்தில்தான் இருக்கிறது என்று சொல்லிக்கொள்ளலாம். நகரம் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று யாருக்கும் தெரியாததால் அப்படிச் சொல்வதை யாரும் மறுக்கப்போவதில்லை.

தங்கை வீட்டில் கார் இருந்தது. அதைச் சொல்லும்போதுதான் டெய்லர் அக்காவுக்கு வயிறு எரியும். வந்த மறுநாளே தங்கை புருஷன், "வாங்கண்ணே, கடற்கரைக்குப் போயிட்டு வந்துடலாம், பக்கம்தான்" என்று ஆசையாகக் கூப்பிட்டான். நிதானம் முன் சீட்டில் உட்கார்ந்தார். தெருமுனை தாண்டுவதற்குள் அவருடைய வலது கால் தரையை மிதிக்க ஆரம்பித்தது. இல்லாத பிரேக்கை மிதித்தார். இல்லாத கியரைத் தேடிக் கையை நீட்டினார். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"இண்டிகேட்டர் போடலை."

"போட்டேன் அண்ணே."

"திரும்பின பிறகு போட்டீங்க. கண்ணாடியைப் பாருங்க. பின்னாடி லாரி வருது. இடைவெளி விடுங்க. இடைவெளி, இடைவெளி!"

தங்கை புருஷன் ஆபீசில் பத்துப் பேரை மேய்க்கிறவன். அவனும் எவ்வளவு நேரம்தான் பொறுப்பான்? சாலையோரமாக ஓரங்கட்டினான். "அண்ணே, காரு என்னோடது" என்றான் மரியாதையாக. "உசுரு என்னோடது தம்பி" என்றார் நிதானமும் மரியாதையாக. கார் அங்கேயே திரும்பி வீட்டுக்கு வந்தது. அன்றிலிருந்து அவர் அந்தக் காரில் உட்காரமாட்டேன் என்றார், அவனும் கூப்பிடவில்லை. டாக்சி என்றால், "அவங்கல்லாம் யார்கிட்ட கத்துக்கிட்டு வண்டி ஓட்டுறாங்க? கழக டிரைவர்னா டிரெய்னிங் எடுத்தவன். அதான் பாஸ் இருக்கே" என்பார். ஆக, பாலத்துக்கு அடியில், சுவருக்குப் பக்கத்தில், வெயிலில் இவள் நடந்தாள்.

நாளை காலை ஊருக்குக் கிளம்ப வேண்டும். கடல் இன்னும் பார்த்தபாடில்லை. இன்றைக்கு விட்டால் இனி எப்போது? ஊருக்குப் போனால் பள்ளிக்கூடம் திறக்கிற சீசன், சீருடை மலையாகக் குவிந்து கிடக்கும். அதற்குப் பிறகு அவருக்கு முட்டி வலி, இவளுக்கு இடுப்பு வலி என்று ஏதாவது வரும். மதியச் சாப்பாட்டை அவசரமாக முடித்துவிட்டு அவள் குடையையும் பையையும் எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

"இருட்டறதுக்குள்ள கடலைப் பார்க்கணும். சொல்லிட்டேன்."

"பார்ப்போம், பார்ப்போம். எதுக்கு இப்ப பறக்கிற?" என்று உள்ளேயிருந்து வந்தார் நிதானம். உடம்பில் அதே நீலச் சட்டை. தோளில் பட்டியும் மார்பில் இரண்டு பையும் வைத்த கழகத்துச் சீருடைச் சட்டை.

அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. இந்தப் பயணத்துக்கென்று அவருக்கு ஒரு சட்டை தைத்திருந்தாள். சின்னக் கட்டம் போட்ட நல்ல துணி. கட்டம் கட்டத்தோடு சேரும்படி பையை வெட்டி ஒட்டுவது எவ்வளவு வேலை என்று தைக்கிறவர்களைக் கேட்டால் தெரியும். எடுத்து நீட்டும்போதெல்லாம், "நாளைக்குப் போட்டுக்கறேன்" என்றார். அந்த நாளைக்கு வரவே இல்லை. தினமும் சீருடை. கேட்டால், "புதுசா ரெண்டு செட் கிடக்கு. கிழிச்சா போட முடியும்?" என்பார். அவள் கட்டம் போட்ட சட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். கடற்கரையில் காற்றடித்துக் குளிர்ந்தால் மேலே போட்டுக்கொள்ளட்டும் என்று தனக்குத்தானே ஒரு சமாதானம்.

பஸ் நிறுத்தத்தில் நிழலில் ஒரு பெஞ்சு இருந்தது. "நீ உக்காரு. பஸ்ஸை நிறுத்துறது என் வேலை" என்று சொல்லிவிட்டு நிதானம் சாலையோரமாகப் போய் நின்றார். இதுதான் வந்த நாளிலிருந்து வழக்கம். இவள் பெஞ்சில், அவர் ரோட்டோரம். பெஞ்சிலிருந்து பார்த்தால் அவர் முதுகு தெரியும், கை உயர்வது தெரியும், அதற்குப் பிறகு பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போவது தெரியும்.

ஒரு பஸ் வந்தது, போனது. இன்னொன்று வந்தது. அதுவும் போனது.

"என்னங்க இது?"

"ஃபுல்லா இருக்கும்."

"உள்ளே காத்தாடுதே, நான் பார்த்தேனே!"

"எக்ஸ்பிரஸ் சர்வீஸா இருக்கும். எல்லா ஸ்டாப்பிங்லயும் நிக்காது."

கழகத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல விடமாட்டார். சொந்த அண்ணன் தம்பியைத் திட்டினால்கூடப் பொறுத்துக்கொள்வார். இவள் தலையில் அடித்துக்கொண்டாள். என்ன ஊர் இது? வீடு வீடாக ஆள் இருக்கிறது, தெருத்தெருவாகக் கார் இருக்கிறது, கை காட்டினால் ஒரு பஸ் நிற்க மாட்டேன் என்கிறது. கடைசியில் யாரோ ஒரு பெண்மணி இறங்குவதற்காக ஒரு பஸ் நின்றது. அவள் இறங்கும் கதவு வழியாகவே இவள் முண்டியடித்து ஏறினாள். அந்தப் பெண்மணி முறைத்தாள். முறைத்தால் முறைக்கட்டும், அவள் கடலைப் பார்த்தவளாக இருப்பாள்.

அந்த பஸ் கடல் வரை போகாது என்று ஏறிய பிறகுதான் தெரிந்தது. பாதி வழியில், நாலு பக்கமும் சாலை பிரிகிற ஓர் இடத்தில் இறக்கி விட்டார்கள். அங்கே மனிதர்கள் நடப்பார்கள் என்று யாரும் நினைத்ததாகத் தெரியவில்லை. நடைபாதை கொஞ்ச தூரம் வந்து, மனம் மாறியதுபோல நின்றுவிட்டது. அப்புறம் புல். அப்புறம் கம்பி வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு காபிக் கடை தெரிந்தது. இவளுக்கு நாக்கு வறண்டு கிடந்தது.

வேலியைச் சுற்றிக்கொண்டு போனால் கடைக்குக் கதவே இல்லை. கார்கள் வரிசையாக ஊர்ந்து போய் ஒரு ஜன்னலில் நின்று, வேண்டியதை வாங்கிக்கொண்டு நகர்ந்தன. நிதானம் ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு, ஒரு வெள்ளைக் காருக்குப் பின்னால், நியாயமான இடைவெளி விட்டு, போய் நின்றுகொண்டார். அவருக்குப் பின்னால் இவள். இவளுக்குப் பின்னால் ஒரு சிவப்புக் கார். வெள்ளைக் கார் நகர்ந்ததும் இவரும் நகர்ந்தார். அது நின்றதும் நின்றார். சிவப்புக் காரிலிருந்தவன் ஹார்ன் அடித்தான். நிதானம் திரும்பி, "அவசரப்பட்டா எப்படி தம்பி? முன்னாடி வண்டி போகணும்ல?" என்றார். அவமானத்தில் இவள் குடையைத் தாழ்த்தி முகத்தை மறைத்துக்கொண்டாள்.

ஜன்னலில் இருந்த பெண் இவர்களுக்குப் பின்னால் கார் எங்கே என்று எட்டிப் பார்த்தாள்.

"சார், கார்ல வந்தாதான் கொடுக்க முடியும்."

"வரிசையிலதாம்மா வந்தோம்."

"கார் வேணும் சார். பாதுகாப்பு விதி."

"நாங்க என்ன மோதிடவா போறோம்?" என்றாள் டெய்லர் அக்கா, குடைக்குள்ளிருந்து. அந்தப் பெண் பாவமாகப் பார்த்தாளே தவிரக் காபி வரவில்லை. சிவப்புக் கார்க்காரன் வாங்கிக்கொண்டு, உறிஞ்சிக்கொண்டே போனான். இத்தனைக்கும் நிதானத்துக்குக் கோபம் வரவில்லை. "விதின்னா விதிதான்" என்றார். அதுதான் இவளை இன்னும் எரியவைத்தது. கூட நிற்கிற மனிதருக்கும் கோபம் வந்தால் பாதியைப் பகிர்ந்துகொள்ளலாம். மொத்தக் கோபத்தையும் ஒருத்தியே சுமப்பது என்றால் எத்தனை நேரம் முடியும்?

கடலுக்குப் போகிற பஸ் எந்த நிறுத்தத்துக்கு வரும் என்று விசாரித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. அகலமான சாலை. நிறுத்தத்தில் ஒரு கம்பமும் அதில் ஒரு தகடும் மட்டும்தான். பெஞ்சு இல்லை, நிழல் இல்லை. ஒரு பஸ் வந்தது. நிதானம் கையைக் காட்டினார். அது போய்விட்டது. இவள் வானத்தைப் பார்த்தாள். இருட்ட எவ்வளவு நேரம் இருக்கும்? தொண்டை வேறு காய்ந்தது. சாலைக்கு எதிர்ப்பக்கம் ஒரு பெட்டிக்கடை தெரிந்தது. "தண்ணி வாங்கிட்டு வர்றேன். அதுக்குள்ள பஸ் வந்தா நிறுத்தி வையுங்க" என்று சொல்லிவிட்டு, மேலே ஏறி இறங்குகிற நடைப்பாலத்தில் முட்டி வலிக்க ஏறி எதிர்ப்பக்கம் போனாள்.

தண்ணீர் பாட்டிலைக் கையில் வாங்கிக்கொண்டு திரும்பியபோது, எதிர்ப்பக்கம் அடுத்த பஸ் வந்துகொண்டிருந்தது. முதல் தடவையாக அவள் அவரை முன்னாலிருந்து பார்த்தாள்.

நிதானம் நிமிர்ந்து நின்றார். பஸ் நெருங்கியதும் வலது கையை உயர்த்தினார். பஸ்ஸை நிறுத்துகிறவர்கள் கையைச் சாலைக்குக் குறுக்கே நீட்டி ஆட்டுவார்கள். இவர் அப்படிச் செய்யவில்லை. முழங்கையை மடக்கி, உள்ளங்கையை விரித்து, நெஞ்சு உயரத்துக்குத் தூக்கி ஒரு நொடி வைத்தார். பஸ்ஸுக்குள் இருந்த டிரைவர் இவருடைய நீலச் சட்டையைப் பார்த்தான். அவனும் ஸ்டியரிங்கிலிருந்து வலது கையை எடுத்து, அதேபோல விரித்துக் காட்டினான். காட்டிவிட்டு, சந்தோஷமாகப் போய்க்கொண்டே இருந்தான்.

டெய்லர் அக்காவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எதிரும் புதிருமாக வருகிற இரண்டு பஸ் டிரைவர்கள் ஒருவரையொருவர் தாண்டும்போது இப்படித்தான் கை காட்டிக்கொள்வார்கள். அவளே எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். ஆயுசு முழுக்க ஒரே சாலையில் ஓட்டியவருக்கு அந்தக் கை தானாக உயர்கிறது. சீருடையில் ஒருவர் ரோட்டோரம் நின்று கை காட்டினால், யாரோ நம் ஆள், டியூட்டிக்கு நிற்கிறார் என்று நினைக்காமல் வேறு என்ன நினைப்பான்? எந்த டிரைவராவது அதற்கு பஸ்ஸை நிறுத்துவானா? இத்தனை நாளும் நிற்காமல் போன பஸ்களையெல்லாம் நினைத்துப் பார்த்தாள். நடந்த நடையையெல்லாம் நினைத்துப் பார்த்தாள். மூடியிருந்த மிருகக்காட்சி சாலைகூட இவர் கையால்தான் மூடியது என்று தோன்றியது.

பாலத்தில் திரும்ப ஏறி இறங்கும்போது முட்டி வலி தெரியவில்லை. அவ்வளவு ஆத்திரம்.

"என்னங்க! நீங்க என்ன செய்யறீங்கன்னு உங்களுக்குத் தெரியுதா?"

"பஸ்ஸுக்குக் கை காட்டறேன்."

"பஸ்ஸுக்கா காட்டறீங்க? டிரைவருக்குக் காட்டறீங்க! அவனும் உங்களுக்கு வணக்கம் சொல்லிட்டுப் போறான்!"

நிதானம் தன் கையைப் பார்த்தார். யாருடைய கையோபோலப் பார்த்தார். "அப்படியா காட்டறேன்?" என்றார். "நான் நிக்கச் சொல்லித்தான் காட்டறேன்னு நினைச்சேன். கை அதுவா போகுதும்மா."

"உங்க கை அதுவா போகுது, பஸ் அதுவா போகுது, நான் எங்க போறது? கடைசி நாளுங்க! இருட்டப் போகுது!"

அவள் குரல் உடைந்தது. நிதானம் பதறிப்போனார். அடுத்த பஸ்ஸுக்கு நான் சரியாகக் காட்டுகிறேன் என்றார். காட்டினார். கை நீளவே ஆரம்பித்தது. ஆனால் பஸ் கிட்டே வந்ததும் பாதியில் மடங்கி, உள்ளங்கை விரிந்துவிட்டது. இவள் குடையை ஆட்டினாள். டிரைவர் இருவரையும் பார்த்துச் சிரித்து, கையை உயர்த்திவிட்டுப் போனான். நம் டிரைவர் ஒருவர் தன் வீட்டம்மாவோடு நிற்கிறார், அந்த அம்மா குடையை ஆட்டி டாட்டா காட்டுகிறாள் என்று எடுத்துக்கொண்டிருப்பான்.

இனி இது வேலைக்கு ஆகாது. பையைத் திறந்து கட்டம் போட்ட சட்டையை எடுத்து நீட்டினாள். "அதைக் கழட்டுங்க. இதைப் போடுங்க."

"இங்கேயா? ரோட்டுலயா?"

"ரோட்டுலதான். யாரு இருக்கா பார்க்க? எல்லாரும் கார்ல போறாங்க."

அவர் கம்பத்துக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு நீலச் சட்டையைக் கழற்றி, மடித்து, அவளிடம் கொடுத்தார். கட்டம் போட்டதைப் போட்டுக்கொண்டார். என்ன பொருத்தம்! தோள் தோளில் உட்கார்ந்தது. கட்டம் கட்டத்தோடு சேர்ந்தது. ஆத்திரத்திலும் அவளுக்குள் இருந்த தையல்காரி திருப்தியாக ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள்.

பஸ் வந்தது. அவர் கை பழையபடிதான் மடங்கி உயர்ந்தது. இந்தத் தடவை டிரைவர் அவரைப் பார்க்கவே இல்லை. பார்வை அவரைத் தாண்டி, கண்ணாடிக்குப் போய், குடையை ஆட்டிக்கொண்டிருந்த இவளிடம் வந்தது. பஸ் இவர்களுக்கு முன்னால் வந்து ஒழுங்காக நின்றது. "ஏறுங்க பெரியவரே, சீக்கிரம் சீக்கிரம்! வழியில நிக்காதீங்க, உள்ளே போங்க" என்று கண்டக்டர் முதுகில் கை வைத்துத் தள்ளினார்.

அவள் ஜெயித்துவிட்டாள். ஜன்னலோரத்தில் உட்கார்ந்து மூச்சு விட்டாள். பிறகுதான் பக்கத்தில் பார்த்தாள். நிதானம் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பஸ் சடக்கென்று நின்றது, குலுங்கியது, எதையோ உரசப்பார்த்தது. அவருடைய கால் எந்த பிரேக்கையும் மிதிக்கவில்லை. இந்த நாட்களில் முதல் தடவையாக அவர் ஒரு பயணியைப் போல உட்கார்ந்திருந்தார். அதைப் பார்க்க அவளுக்குச் சகிக்கவில்லை.

எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தபோது கை மட்டுமா தெரிந்தது? முகமும் தெரிந்ததே. டிரைவர் கையைத் திருப்பிக் காட்டியதும் அவர் முகம் மலர்ந்ததே. ஆத்திரத்தில் அதை அவள் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. ரிடையர் ஆன புதிதில் தினமும் சாயங்காலம் ஊர் முக்கில் போய் நிற்பார். "காத்து வாங்கிட்டு வர்றேன்" என்பார். கொஞ்ச நாள் முகம் தெளிந்து வருவார். அப்புறம் பழைய டிரைவர்கள் ஒவ்வொருவராக ரிடையர் ஆக, புதுப் பிள்ளைகள் வந்தார்கள். அவர்களுக்கு இவரை யாரென்று தெரியாது. வேட்டியும் துண்டுமாகச் சும்மா நிற்கிற ஒரு கிழவருக்கு எதற்குக் கை காட்ட வேண்டும்? பிறகு அவர் காற்று வாங்கப் போவது நின்றுபோனது. வீட்டில் இவள் மிஷின் சத்தத்துக்கு நடுவே அதை ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை.

இந்த ஊரில் யாரையும் யாருக்கும் தெரியாது. நீலச் சட்டை போதும். எத்தனை பஸ், எத்தனை டிரைவர்! அத்தனை பேரும் கை காட்டினார்கள். அவள் கடலைப் பார்க்க அலைந்தாள். அவர் வந்த நாளிலிருந்து பார்க்க வேண்டியதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அவரே அதை உணர்ந்தாரா என்பதுகூடச் சந்தேகம்தான்.

கடல் நிறுத்தத்தில் இறங்கினால் கடல் தெரியவில்லை. கார் நிறுத்துகிற இடம்தான் தெரிந்தது. அது பாட்டுக்கு விரிந்து கிடந்தது. கடலே இவ்வளவு பெரிதாக இருக்குமா என்று சந்தேகம் வந்துவிட்டது. கார்களுக்கு நடுவே புகுந்து, பின்னால் வந்த ஒருவனிடம் திட்டு வாங்கி, இரண்டு கார்களுக்கு இடையில் மாட்டிக்கொண்ட குடையைப் பிடுங்கிக்கொண்டு, கடைசி வரிசையைத் தாண்டியதும், மணலும் அதற்கு அப்பால் கடலும் இருந்தன. இன்னும் வெளிச்சம் இருந்தது.

டெய்லர் அக்கா நின்றுவிட்டாள். எதிரே சுவர் இல்லை. பாலம் இல்லை, வேலி இல்லை, பலகை இல்லை. பார்வை போய்க்கொண்டே இருந்தது, எதிலும் முட்டவில்லை. எங்கே முட்டும் என்று கண்ணை இடுக்கிப் பார்த்தாள். வானம்தான் வந்தது. அவளுக்கு அழுகை வந்தது. இதற்காகவா இத்தனை பாடு என்று கேட்டால், ஆமாம், இதற்காகத்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். வேண்டிய மட்டும் பார்த்தாள்.

நிதானம் பக்கத்தில் மணலில் உட்கார்ந்திருந்தார். "நல்லா இருக்கு" என்றார், தெரிந்தவர் கட்டிய புது வீட்டைச் சுற்றிக் காட்டினால் சொல்வதுபோல. பிறகு, "உன்னை முன்னாடியே கூட்டிட்டு வந்திருக்கணும்" என்றார்.

"வந்திருக்கணும்தான்" என்றாள் அவள். விட்டுக்கொடுக்க மனமில்லை.

பின்னால், கார்களுக்கு அப்பால் சாலையில், ஒரு பஸ் ஹார்ன் அடித்துத் திரும்பியது. நிதானம் தலையைத் திருப்பினார். வலது கை மடியிலிருந்து எழும்பியது. பாதி உயரத்தில் கட்டம் போட்ட சட்டைக் கை அவர் கண்ணில் பட்டது. பார்த்தார். கையை இறக்கி மணலில் வைத்துக்கொண்டார். யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்திருப்பார்.

அவள் தைத்த சட்டைகளில் அவ்வளவு பொருத்தமாக இன்னொன்று அமைந்ததில்லை. அதை இப்போது அவளுக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை. எழுந்து மணலைத் தட்டிக்கொண்டாள். பையிலிருந்து நீலச் சட்டையை எடுத்து உதறினாள்.

"இந்தாங்க. போட்டுக்குங்க."

"எதுக்கும்மா? இதுவே நல்லாதான் இருக்கு."

"காத்தடிக்குது. இதுக்கு மேலேயே போட்டுக்குங்க."

"பஸ் நிக்காதே" என்றார் அவர் மெதுவாக.

"நிக்காட்டி போகட்டும். இங்கே எத்தனை பஸ் இருக்கு! ஏதாவது ஒண்ணு நிக்காமலா போயிடும்?" என்று எரிந்து விழுந்தாள். வேறு மாதிரி சொல்ல அவளுக்கு வரவில்லை.

திரும்பிப் போகிற நிறுத்தத்தில் ஒரு பெஞ்சு இருந்தது. அவள் உட்கார்ந்தாள். இந்தத் தடவை அவருடைய முகம் தெரிகிற பக்கமாகப் பார்த்து உட்கார்ந்தாள். குடையை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். நிதானம் தோள்பட்டியைச் சரிசெய்துகொண்டு சாலையோரம் போய் நின்றார். ஒரு பஸ் வந்தது. கை உயர்ந்தது. உள்ளேயிருந்து ஒரு கை உயர்ந்தது. பஸ் போனது. அடுத்தது வந்தது, இன்னொரு கை. அதற்கடுத்த டிரைவர் ஒரு சின்ன ஹார்னும் சேர்த்துக் கொடுத்தான். நிதானம் திரும்பி அவளைப் பார்த்தார், பார்த்தாயா என்பதுபோல. பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

பைக்குள் போன் அடித்தது. தங்கை. "என்னக்கா, எங்கே இருக்கீங்க? இன்னும் காணோமே! பஸ் வரலையா?"

"வருது வருது, வந்துக்கிட்டேதான் இருக்கு" என்றாள் டெய்லர் அக்கா. "என்ன ஊரோ போ. ஒண்ணுகூட நிக்க மாட்டேங்குது."